வெள்ளிடை மன்றமும் கடைத்திருட்டும்

சிலப்பதிகாரம் ஒரு களவு வழக்கின் கதை. கற்பின் காப்பியம் என்றும், ஊழின் காப்பியம் என்றும், மூவேந்தர் காப்பியம் என்றும் அதனைப் போற்றுவர். அவை யாவும் உண்மையே. எனினும், கதை எவ்விடத்தில் திரும்புகிறது என்று நோக்கின், ஒரு கடைத்தெருவும், ஒரு சிலம்பும், 'இவன் கள்வன்' என்ற ஒரு சொல்லுமே அங்கு நிற்கக் காணலாம்.

பள்ளிகளில் இப்பகுதியைக் கற்பிக்கும்போது, ஊழ்வினையால் கோவலன் கொலையுண்டான் என்று சொல்லி மேலே செல்வதே பெருவழக்கு. ஊழ் என்ற விடை வந்தவுடன் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. ஆனால் இளங்கோவடிகள் அவ்வாறு நிறுத்தவில்லை. களவு எவ்வாறு தடுக்கப்படும், கள்வனுக்கு உரிய தண்டம் எது, கள்வன் என்று பழி சுமத்தப்பட்டவனை எவ்வாறு நடத்துவது என்னும் மூன்று வினாக்களையும் புகார்க் காண்டம் முதற்கொண்டே அவர் எழுப்பி வருகிறார். அம்மூன்றையும் இன்றைய உலகம் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைத்திருட்டுப் பெருகிவிட்டது, ஆகவே சட்டத்தைக் கடுமையாக்குக என்னும் குரல் நாடுதோறும் எழுகிறது. கடுமை ஒன்றே களவைத் தடுக்குமா என்பதை ஆராய்வார்க்குக் காப்பியம் நல்ல துணை.

சட்டம் எங்கு நிற்கிறது

வாங்க வந்தவர்போல் கடைக்குள் நுழைந்து, விலை கொடாமல் பொருளை மறைத்து எடுத்துச் செல்லுதலே கடைத்திருட்டு. மலாக்கா மாநிலத்தில் இக்குற்றத்திற்கு வழங்கும் சட்டம் ஒரு நெடிய வரலாறு உடையது. 1860-இல் இந்தியாவிற்கென இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தைத் தழுவி, 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒரு தண்டனைச் சட்டம் வகுக்கப்பட்டது. பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றோடு மலாக்காவும் அக்குடியேற்றங்களுள் ஒன்று. இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டம் அவ்வழி வந்ததே. அதனால் திருட்டைப் பற்றிய பிரிவுகளின் எண்கள்கூட இரு நாட்டிலும் ஒன்றாகவே நின்றன: 378 திருட்டின் இலக்கணத்தையும், 379 பொதுத் திருட்டின் தண்டனையையும், 380 கட்டடத்துள் நிகழும் திருட்டின் தண்டனையையும் கூறும்.

எண் ஒன்றாயினும் அளவு ஒன்றன்று. இந்தியச் சட்டத்தில் 379-க்கு 3 ஆண்டும் 380-க்கு 7 ஆண்டும் உச்ச அளவாக இருந்தன. மலேசியச் சட்டத்தில் அவை முறையே 7 ஆண்டு, 10 ஆண்டு. கடையில் திருடியவர் பெரும்பாலும் இவ்விரு பிரிவுகளுள் ஒன்றின்கீழ் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படுகிறார். 380-ஆவது பிரிவின் சொற்படி சிறையே தண்டனை. அதனோடு அபராதமும் விதிக்கலாம். மறுமுறையும் குற்றம் புரிந்தவருக்குச் சிறையோடு அபராதமோ பிரம்படியோ சேரும். பொருளின் விலையைப் பற்றி அப்பிரிவு பேசுவதில்லை. ஒரு பால்மாவு டின்னும் ஒரு பொற்சங்கிலியும் அதற்கு ஒன்றே. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டு விதிக்கக்கூடிய சிறைக்கு 5 ஆண்டு என்ற பொது வரம்பு உண்டாதலால், நடைமுறையில் அளவு குறைவாகவே இருக்கும். ஆயினும் ஏட்டில் உள்ள சட்டம் மென்மையானது என்று யாரும் சொல்ல இயலாது.

இங்கேதான் முதல் ஐயம் தோன்றுகிறது. 10 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் ஏட்டில் இருந்தும், கடைகளில் பால்மாவு டின்கள் பூட்டிய கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படுவானேன்? வாயிலில் காவலர் நிற்பானேன்? சட்டம் சொல்லும் ஆண்டுக் கணக்கு, களவு செய்யக் கை நீட்டுபவனின் நெஞ்சை எட்டவில்லை என்பதே பொருள்.

கடை திறந்துகொண்டது

களவு பெருகுதற்குக் கடையின் அமைப்பு மாறியதும் ஒரு காரணம். அலோர் காஜா மாவட்டத்தில் உள்ள மஸ்ஜித் தானா, மண்ணால் எழுப்பிய பழைய பள்ளிவாசலால் பெயர் பெற்ற சிறு பட்டணம். இத்தகைய பட்டணங்களைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில் தோட்டக் கடை என்று ஒன்று இருந்தது. கடைக்காரர் பலகைக்கு அப்பால் நிற்பார். அரிசியும் பருப்பும் எண்ணெயும் அவர் பின்னே இருக்கும். கேட்டதை அவரே நிறுத்துக் கொடுத்து, '555' கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் கணக்குத் தீரும். தீராமல் கடன் ஏறி வருந்திய குடும்பங்களும் பல. அக்கடையை இன்று எண்ணி ஏங்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே வாங்குபவரின் கைக்கும் பொருளுக்கும் இடையே ஒரு மனிதர் நின்றார். அவர் ஒவ்வொருவரின் முகமும் பெயரும் அறிந்தவர். பூட்டும் காவலும் செய்யும் வேலையை அந்த அறிமுகமே செய்தது.

வாங்குபவர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் கடை இதற்கு நேர்மாறு. 1916-இல் அமெரிக்க நாட்டு மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் இம்முறையைத் தொடங்கினார். ஆள் கூலி குறைந்தது, விலையும் குறைந்தது. அவர் ஒன்றை நன்கு உணர்ந்திருந்தார். வந்தவர் ஒரே வழியில் நுழைந்து, எல்லாப் பொருள்களையும் கடந்து, பணம் கொடுக்கும் இடத்தின் வழியே வெளியேறும்படி கடையை வகுத்தார். பொருளைத் திறந்து வைத்தவர் வழியை ஒழுங்கு செய்தார் என்பது குறிக்கத்தக்கது. பின்னாளில் அம்முறை உலகெங்கும் பரவி, பேரங்காடியாகவும் சிற்றங்காடியாகவும் மலேசியச் சிறு பட்டணங்களை எட்டியது. தோட்டம் துண்டாடப்பட்டும், இரப்பர் போய்ச் செம்பனை வந்தும், லயங்களை விட்டுப் பட்டணத்து வீடுகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தத் திறந்த கடைகளில்தான் பொருள் வாங்குகின்றனர். பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முகம் அறிந்தவர் ஒருவரும் இல்லை.

காவலில்லாப் பொதிகள்

திறந்த கடை தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. இந்திரவிழவூரெடுத்த காதையில், புகாரின் ஐவகை மன்றங்களைக் கூறும் இளங்கோவடிகள், முதலாவதாக வெள்ளிடை மன்றத்தைக் காட்டுகிறார். புதிதாய் வந்த வணிகர் தம் பெயரையும், பொருளின் அளவையும் அடையாளத்தையும் எழுதிய பொதிகள் அங்கே குவிந்து கிடக்கும். வாயில் இல்லை, தாழ் இல்லை, பொருளுக்கு உரியவர் காவலும் இல்லை. எவனேனும் ஒரு பொதியைத் திருட முயன்றால், அம்மன்றம் அப்பொதியைக் கழுத்து வலிக்க அவன் தலைமேல் ஏற்றிச் சுற்றிச் சுற்றி வரச் செய்யும், கொண்டுபோக விடாது. களவை எண்ணுபவரும் நடுங்குவர் என்று பகுதி முடிகிறது.

இதனைத் தெய்வத்தன்மை பற்றிய கற்பனை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. கற்பனையே ஆயினும், ஒரு சமுதாயம் எதைக் கற்பனை செய்கிறது என்பது அதன் நீதியுணர்வைக் காட்டும். இம்மன்றத்தில் நான்கு கூறுகள் உள்ளன. முதலாவது, பொருளில் எழுத்தும் எண்ணும் இருத்தல். எது எவருடையது, எத்தனை என்பதில் ஐயம் இல்லை. இரண்டாவது, எடுத்தவன் தப்பாமை. மூன்றாவது, பொருள் உரியவரை விட்டு நீங்காமை. நான்காவது, தண்டம் களவின் அளவாகவே இருத்தல். எடுத்த சுமைதான் தண்டம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. கை துண்டிக்கப்படவில்லை, உயிர் போகவில்லை.

எண்ணுபவர் நடுங்குவர் என்பதனால் இதுவும் அச்சத்தால் தடுக்கும் முறைதானே என்று வினவலாம். ஆம், அச்சம்தான். ஆயின் எதற்கு அச்சம்? தண்டம் பெரிது என்பதற்கா, தண்டம் தப்பாது என்பதற்கா? சுமை தூக்கிச் சுற்றுதல் கொடிய தண்டம் ஆகாது. நடுங்கச் செய்வது அதன் உறுதியே. 1764-இல் இத்தாலி நாட்டுப் பெக்காரியா, குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அதன் தவறாமையே என்று எழுதினார். குற்றவியல் அறிஞர் பலரும் இன்றுவரை அக்கருத்தை வலியுறுத்தி வருகின்றனர். புகாரின் மன்றம் அதையே ஒரு காட்சியாக முன்னரே நிறுத்தியிருக்கிறது.

மன்றங்களின் வரிசையும் கருதத்தக்கது. இரண்டாவதும் மூன்றாவதும் நோய் தீர்க்கும் மன்றங்கள். நான்காவது பூத சதுக்கம். பொய்க்கரி கூறுவோர், புறங்கூறுவோர், பிறர்மனை நயப்போர், கீழறுக்கும் அமைச்சர் முதலானோரைப் பூதம் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும். கள்வன் சுமை தூக்கினான். பொய்ச்சான்று சொன்னவனோ உணவானான். ஐந்தாவது பாவை மன்றம். அரசன் கோல் கோடினாலும், அறங்கூறு அவை ஒருபால் சாய்ந்தாலும், அங்குள்ள பாவை வாய் திறவாது கண்ணீர் விடும். களவினும் பொய்ச்சான்று கொடிது. பொய்ச்சான்றை நம்பும் ஆட்சியோ நாடே அழுதற்குரியது. இதுவே அடிகள் வகுத்த நிரல் என்று கொள்ளலாம். இந்நிரலை உள்ளத்தில் கொண்டு மதுரைக் காண்டத்துக்குள் நுழைவார்க்கே, கோவலன் கொலையின் முழுப்பொருள் விளங்கும்.

கொல்லன் விரிவுரை

பொற்கொல்லன் கோவலனை ஓரிடத்தில் இருக்கச் சொல்லி அரண்மனைக்கு ஓடுகிறான். தேவியின் ஊடல் தீர்க்க விரைந்து செல்லும் பாண்டியனை வழியில் கண்டு முறையிடுகிறான். அரசன் காவலரை அழைத்து ஆணையிடுகிறான். அவன் ஆராயாதவன் ஆயினான் என்பதே அடிகள் கூறும் குற்றச்சாட்டு. பின்னர்க் கண்ணகி அவனை விளிப்பதும் 'தேரா' என்ற அந்த அடைமொழியோடுதான். கொடியவன் என்று அவள் தொடங்கவில்லை. ஆராயாதவன் என்று தொடங்குகிறாள்.

கொலைக்களத்தில் நிகழ்வது மேலும் கூர்ந்து நோக்குதற்குரியது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அன்று என்கின்றனர். கையில் இருந்த ஒரே ஆராய்ச்சி அதுதான். உடனே கொல்லன் நகைத்து, கள்வரின் திறமை பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டையும் துணையாகக் கொண்டு திரிபவர் கள்வர் என்கிறான். இளங்காவலன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான்: மழை பெய்யும் நள்ளிருளில் ஒரு கள்வன் தோன்றித் தன் கைவாளைப் பறித்து மறைந்தானாம். அக்கதை முடிந்ததும், கல்லாக் காவலன் ஒருவனின் வாள் பாய்கிறது.

அவ்விரிவுரையிலும் அக்கதையிலும் கோவலனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எங்கோ என்றோ நிகழ்ந்த திறமையான களவுகளைச் சொல்லிச் சொல்லி, எதிரே நிற்கும் ஒருவன்மேல் அந்த அச்சம் முழுவதையும் ஏற்றிவிடுகின்றனர். கடைத்திருட்டு பற்றிய பேச்சில் இன்றும் இதனைக் காணலாம். கூட்டமாய் வந்து கொள்ளையிடும் கும்பல்களின் செய்தி பரவுகிறது. அதனால் கடுமையாக்கப்படும் சட்டம், பெரும்பாலும் தனியாய் வந்து அகப்பட்ட ஒரு முதியவர்மீதோ ஒரு மாணவன்மீதோ விழுகிறது. கும்பலுக்கும் பசித்தவனுக்கும் வேறுபாடு காண்பதே ஆராய்ச்சி. அச்சம் அந்த வேறுபாட்டை அழித்துவிடும்.

இதற்கு எதிராக மதுரைக்காஞ்சி காட்டும் ஊர்க்காவலரை வைத்து நோக்குக. அதுவும் மதுரையே, அதுவும் மழை பெய்து தெருவில் நீர் ஓடும் நள்ளிரவே. அக்காவலர் கள்வர் ஒளியும் இடம் அறிந்து, சோர்வின்றித் தெருத்தெருவாய்த் திரிகின்றனர். அவர்தம் விழிப்பே ஊரின் உறக்கம். கொலைக்களத்தில் நின்றவரிடம் வாள் இருந்தது, விழிப்பு இல்லை.

இன்னும் ஒன்று: உண்மைக் கள்வன் பொற்கொல்லனே. அவன் அரண்மனைக்குள் வந்து போகும் உரிமை உடையவன், நம்பிக்கைக்கு உரியவன். கடைகளின் இழப்பிலும் ஒரு பகுதி வெளியாரால் வருவதன்று. எழுத்தரும் பணியாளும் செய்யும் திருட்டுக்குத் தண்டனைச் சட்டம் 381 என்ற தனிப் பிரிவே வைத்திருக்கிறது. வாயிலில் வருபவனை மட்டும் கள்வன் என்று நோக்கும் கடை, கொல்லனை நம்பிய பாண்டியனைப் போன்றது.

வார்த்திகன் வழக்கு

ஆராய்ந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அடிகள் அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார். ஆனால் அது பாடநூல்களில் அருகியே இடம் பெறுகிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு அதனைச் சொல்கிறது. தங்கால் என்னும் ஊரில் வார்த்திகன் என்ற அந்தணனின் சிறுமகன், மறை ஓதும் திறத்துக்காக ஒருவரிடம் அணிகலன் பரிசு பெற்றான். ஏழைச் சிறுவன் நகை அணிந்ததைப் பொறாத அரசியல் பணியாளர், அரசனுக்குரிய புதையலை எடுத்துக்கொண்டான் என்று சொல்லித் தந்தையைச் சிறையிட்டனர். மனைவி கார்த்திகை கதறினாள். கொற்றவை கோயிற் கதவு அடைத்துக்கொண்டது. அரசன் அஞ்சிக் காரணம் வினவினான், உண்மை அறிந்தான். தன் அறியாமையைப் பொறுக்குமாறு வேண்டி, நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். தங்காலும் வயலூரும் கொடுத்தான். சிறைக்கதவுகளைத் திறப்பித்தான். புதையல் எடுத்தவர்க்கே உரியது என்று யானைமேல் முரசறைவித்துச் சட்டத்தையும் மாற்றினான்.

இரண்டு வழக்கும் பாண்டிய நாட்டிலேயே நிகழ்ந்தவை. இரண்டிலும் நகையே பொருள். இரண்டிலும் பொறாமையோ வஞ்சகமோ பழி சுமத்தியது. இரண்டிலும் மனைவியே முறையிட்டாள். முன்னதில் வினா முந்தியது. பின்னதில் வாள் முந்தியது. கோவலன் வழக்கில் உண்மையை அறிய வேண்டியது ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்கும் நேரமே. உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒரு சோதனை போதும். அச்சோதனை வழக்குரை காதையில் நடந்தது. ஆனால் உயிர் போனபின் நடந்தது. தெய்வம் இவ்வார்த்திகன் கதையைக் கண்ணகிக்குச் சொல்வது பாண்டியர் பெருமையைக் காக்கவே என்பர். அதனோடு, ஊழுக்கு அப்பால் அரசன் செய்திருக்கக்கூடியது இது என்பதையும் அக்கதை நிலைநாட்டுகிறது. எனவே கோவலன் கொலைக்கு ஊழ் ஒன்றே விடை என்று மாணவர்க்குச் சொல்லி முடிப்பது, காப்பியம் சொல்வதில் பாதியைச் சொல்லாது விடுவதாகும்.

களவும் அளவும்

வள்ளுவர் களவைத் துறவறவியலில் வைத்தார். கள்ளாமை அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் அரசன் இல்லை, சிறை இல்லை, தண்டம் இல்லை. களவை உள்ளத்தால் நினைத்தலும் தீது என்று கூறும் அவ்வதிகாரம், பிற்பாதியில் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது. 286 முதல் 289 வரை நான்கு குறள்களில் 'அளவு' என்பது தொடர்ந்து வரும். களவுக்கு எதிர்ச்சொல் காவல் என்று அவர் கொள்ளவில்லை. அளவு என்று கொண்டார். பரிமேலழகர் அதனை மெய்யுணர்வோடு சேர்த்து உரைப்பார். தன் வாழ்வின் எல்லை அறிந்து ஒழுகுதல் என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், பிள்ளையின் நெஞ்சில் விதைக்க வேண்டியது இந்த அளவுணர்வே. பள்ளியில் கள்ளாமையைப் 'பிடித்தால் சிறை' என்ற அச்சுறுத்தலாகக் கற்பிப்பது வள்ளுவர் வழி ஆகாது.

தண்டத்தைப் பற்றி அவர் வேறிடத்தில், ஆள்வோனை நோக்கிப் பேசுகிறார். 561-ஆம் குறளில் மூன்று கட்டளைகள் உள்ளன: தக்கவாறு ஆராய்தல், அக்குற்றம் மீண்டும் நிகழாதவாறு செய்தல், குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுத்தல். அடுத்த குறள், ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, வீழும்போது மென்மையாக வீழச் சொல்கிறது. அவ்வதிகாரத்தின் பெயரே வெருவந்த செய்யாமை. குடிகள் நடுங்கும்படி ஆளாதிருத்தல் என்பது அதன் பொருள். களவைத் தடுக்கும் அச்சம் வேறு, குடிகளை நடுக்கும் அச்சம் வேறு என்ற நுட்பம் அதில் அடங்கியுள்ளது.

ஐந்து சில்லிங்கின் விலை

கடுமை தோற்ற வரலாற்றுக்கு இங்கிலாந்து சான்று. கடையில் ஐந்து சில்லிங் மதிப்புள்ள பொருளை மறைவாகத் திருடியவனுக்கு மரண தண்டனை என்ற சட்டம் 1699-இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. களவு ஒழிந்ததா? ஒழியவில்லை. தூக்கில் இட மனம் வராத நடுவர் குழுவினர், பொருளின் மதிப்பு ஐந்து சில்லிங்குக்குக் குறைவு என்று வேண்டுமென்றே தீர்ப்புச் சொல்லத் தலைப்பட்டனர். சில வணிகர் வழக்குத் தொடுக்கவே தயங்கினர். தண்டம் பெரிதாகப் பெரிதாக, அது உண்மையில் விழும் வாய்ப்புக் குறைந்தது. 1810-இல் சாமுவேல் ரோமிலி இச்சட்டத்தை நீக்கக் கொணர்ந்த வரைவைக் கீழவை ஏற்றும், பிரபுக்கள் அவை மறுத்தது. 1820-களில்தான் அது ஒழிந்தது.

மென்மையே மருந்து என்றும் முடிவு கட்டலாகாது. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 200 பவுனுக்குக் குறைந்த கடைத்திருட்டைச் சிறுகுற்ற வரிசையில் வைத்தது. அத்தகைய களவுகளைக் காவல்துறை பொருட்படுத்துவதில்லை என்று வணிகர் குறைகூறினர். 2024-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் காவல்துறையில் பதிவான கடைத்திருட்டுகள் 5 இலட்சத்தைத் தாண்டின. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 950 டாலருக்கு உட்பட்ட களவின் தண்டத்தை 2014-இல் மக்கள் வாக்கெடுப்பால் குறைத்தனர். 2024-இல் மீண்டும் வாக்களித்து, திரும்பத் திரும்பத் திருடுவோர்க்குக் கடுமையாக்கினர். கோலை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாகவே காலம் கழிகிறது. எடுத்தவன் தப்புகிறானா அகப்படுகிறானா, அகப்பட்டவன் யார், ஏன் எடுத்தான் என்ற வினாக்கள் இரு வழியிலும் பின்தங்கிவிடுகின்றன.

இவ்விடத்தில் மலாக்காச் சட்டத்தின் உடன்பிறப்பு புதிய பாதை ஒன்றைக் காட்டியுள்ளது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 303-ஆவது பிரிவில் ஒரு விதி உள்ளது. களவுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்து, குற்றவாளி முதல்முறை தண்டனை பெறுபவராய் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், சிறைக்கு மாற்றாகச் சமூகப் பணி விதிக்கப்படும். பொருள் உரியவரிடம் மீள்கிறது. எடுத்தவன் ஊரறியச் சுமை சுமக்கிறான். வெள்ளிடை மன்றத்தின் இரு கூறுகள் இதில் இருத்தல் காண்க. மலேசியாவிலும் இதற்கு வழியில்லாமல் இல்லை. குற்றவாளிகள் கட்டாய வருகைச் சட்டம் 1954 முதல் ஏட்டில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை போதும் எனக் கருதப்படும் குற்றவாளியை, சிறைக்கு அனுப்பாமல், நாள்தோறும் வந்து சில மணி நேரம் உழைக்குமாறு நீதிமன்றம் ஆணையிட அது இடம் தருகிறது. பதினெட்டு வயது நிரம்பாதார்க்குச் சிறார் சட்டம் 2001 தனி முறை வகுத்துள்ளது. புதுக் கடுமை தேடுவதற்கு முன், இருக்கும் அளவுக்கோல்களைப் பயன்படுத்துதலே முறை.

கடையும் பள்ளியும்

இவ்வாறு கூறுவது கடைக்காரரின் துன்பத்தைச் சிறிதாக்குவது ஆகாது. நூறு வெள்ளி விற்பனையில் ஐந்து வெள்ளி மிஞ்சும் என்று கொண்டால், நாற்பது வெள்ளி டின் ஒன்று களவு போனால், அதனை ஈடுகட்ட எண்ணூறு வெள்ளிக்குப் பொருள் விற்றாக வேண்டும். சிறிய கடைக்கு இது தாங்க முடியாத பளு. ஆதலின் களவு தடுக்கப்பட்டே ஆக வேண்டும். தடுப்பது எது என்பதே வினா.

பொருளில் குறியும் எண்ணும் இருத்தல், அடுக்குகள் கண்பார்வையை மறையாமை, பணம் கொடுக்கும் இடம் வாயிலை நோக்கி இருத்தல், மறைகாணியைச் சுவரில் மாட்டியதோடு நில்லாமல் அதனை ஒருவர் நோக்குதல், நாள்தோறும் இருப்பைக் கணக்கிடுதல், நுழைபவரை முகம் பார்த்து வணக்கம் கூறுதல் ஆகியன களவைத் தொடக்கத்திலேயே தடுப்பன. இவை அனைத்தும் வெள்ளிடை மன்றத்துப் பொதிகளின் எழுத்தும் எண்ணும் போன்றவை. தோட்டக் கடைக்காரரின் அறிமுகம் போன்றவை. சட்டம் வருவது இவற்றுக்குப் பின்னரே.

அகப்பட்டவன் யார் என்று ஆராய்வதால் விளையும் நன்மைக்கும் இந்நாட்டிலேயே சான்று உண்டு. 2014-இல் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள பேரங்காடி ஒன்றில் 27 வெள்ளி மதிப்புள்ள பழங்களும் பானங்களும் எடுத்து ஒருவர் அகப்பட்டார். பசித்த பிள்ளைகளுக்காக எடுத்தார் என்பதை விசாரித்து அறிந்த மேலாளர், அவரைக் காவல்துறையிடம் ஒப்படைக்காமல், அங்கேயே வேலை தர முன்வந்தார். எல்லாக் களவுக்கும் வேலை விடையாகாது. கூட்டமாய் வந்து விற்பனைக்காகத் திருடுவோர்க்குச் சட்டம் உரிய கடுமையோடு நிற்கத்தான் வேண்டும். ஆயின் இருவரையும் பிரித்தறிய ஒரு வினா வேண்டும். அம்மேலாளர் அவ்வினாவைக் கேட்டார். மணிமேகலை பசியைப் பிணி என்றும் பாவி என்றும் கண்டவள். சோழனிடம் அவள் கேட்ட வரமும் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குவதே.

மஸ்ஜித் தானா போன்ற பட்டணங்களில் பணிபுரியும் தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. ஒரு மாணவன் கடையில் ஓர் இனிப்புப் பொட்டலத்தோடு அகப்பட்டான் என்றால், செய்தி பள்ளிக்கு வருமுன்னே 'கள்வன்' என்ற பெயர் வந்துவிடும். அப்பெயர் சூட்டப்பட்ட பிள்ளை, அதற்கேற்ப வாழவும் தொடங்கிவிடலாம். அவ்வேளை ஆசிரியர் செய்ய வேண்டியவை மூன்று: நடந்ததை ஆராய்தல், பொருளோ விலையோ கடைக்காரரிடம் மீளுமாறு செய்தல், மாணவன் தான் எடுத்த சுமையைத் தானே சுமக்குமாறு, மன்னிப்புக் கேட்டு ஓர் உழைப்பை நல்கச் செய்தல். சிறு பட்டணத்தில் கடைக்காரரும் ஆசிரியரும் பெற்றோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர். ஆதலின் இது நடக்கக்கூடியதே.

கொலைக்களக் காதையைப் பாடமாக நடத்தும் வகுப்பில் ஊழைச் சொன்னபின், மேலும் ஒரு வினாவை மாணவரிடம் கேட்டல் நன்று: அரசன் அன்று என்ன கேட்டிருக்க வேண்டும்? விடை தேடி அவர்கள் வார்த்திகன் கதைக்கும், வெள்ளிடை மன்றத்துக்கும், 561-ஆம் குறளுக்கும் செல்வர். நாளை கடைக்காரராகவோ காவலராகவோ நீதிபதியாகவோ அமர்பவர் அவ்வகுப்பிலேயே இருக்கலாம். தம் முன் நிறுத்தப்படுபவனை நோக்கி அவர்கள் முதலில் வினவக் கற்றிருந்தால், அப்பாடம் பயன் தந்ததாகும்.